சிட்டுவின் நிறம்

அவனை எல்லோரும் மெருகு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். கடைத்தெருவில் மாடியில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தான். அவன் கையில் சிக்கிய எந்த முகமும் சும்மா வெளியே போனதில்லை. பரு மறைந்துவிடும், கருவளையம் கரைந்துவிடும், முன்வழுக்கை மாப்பிள்ளைக்கு நாலு மயிர் முளைத்துவிடும். "கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே" என்று வந்தவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவன் பார்த்துப் போட்டிருப்பான். பாஸ்போர்ட் படத்தில் மட்டும் கை வைக்க மாட்டான், அதற்குச் சட்டம் இருக்கிறது. மற்றபடி மனுஷன் நல்லாத் தெரியணும்னு ஆசைப்படுறதுல என்ன பாவம் என்பான். அப்போது கேட்டிருந்தால் நானும் ஒரு பாவமும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கூடப்பிறந்தவள் ஒரே அக்கா. ரயிலில் அரை நாள் தூரத்தில் இருந்தாள். அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான். அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வயிற்றுப்புண். பாவம், சாப்பிட உட்கார்ந்தாலே கண்ணில் தண்ணீர் வரும். டாக்டர் மாற்றி டாக்டர், மருந்து மாற்றி மருந்து, ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று சமைத்ததை விட்டாள். பழம், பச்சைக் காய், ஊறவைத்த பருப்பு, முளைவிட்ட பயறு, இவ்வளவுதான். சில மாதத்தில் வலி போயே போய்விட்டது. அது பொய்யில்லை, நிஜமாகவே போனது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். அடுப்பின் மேல் ஒரு பூந்தொட்டியை வைத்தாள். 'அடுப்பில்லா அம்மா' என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். அப்போது வயிற்றில் சிட்டு இருந்தாள்.

சிட்டு பிறந்தது நல்ல கொழுகொழு குழந்தையாகத்தான். முதலில் தாய்ப்பால். அதற்குப் பிறகு பாதாமை ஊறவைத்து அரைத்த பால், கேரட் சாறு, பிசைந்த வாழைப்பழம், முளைப்பயறு அரைத்து வடிகட்டிய தண்ணீர். சூடு பட்ட எதுவும் குழந்தை நாக்கில் படக்கூடாது. மாட்டுப்பால் கூடாது, முட்டை பேச்சே கூடாது, சொட்டு மருந்தெல்லாம் ஃபேக்டரிச் சரக்கு. குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நர்சம்மா ஒருநாள், "என்னம்மா இது, பிள்ளையா முயலா?" என்று கேட்டுவிட்டாள். அத்தோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதையே அக்கா விட்டுவிட்டாள்.

வாரம் தவறாமல் சிட்டுவைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்புவாள். அவன் மெருகேற்றி அவளுடைய இணையப் பக்கத்தில் ஏற்றுவான். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எங்கெங்கோ இருக்கும் அம்மாமார்கள் வந்து குவிவார்கள். என்ன நிறம், என்ன கன்னம், சுத்திப் போடுங்க கண்ணு பட்டுடும், நாங்களும் இப்படித்தான் குடுக்கப் போறோம். மெருகுக்குத் தலைகால் புரியாது. தாய்மாமன் என்ற பெருமை ஒரு பக்கம், தொழில்காரன் என்ற பெருமை இன்னொரு பக்கம்.

அவன் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அடிக்கடி வருகிற ஆளுக்கு ஒருமுறை நிறம் சரிபார்த்து, அந்த அளவைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்துவிடுவான். அடுத்த முறை படம் வந்தால் ஒரே தட்டு, பழைய நிறம் வந்து உட்கார்ந்துவிடும். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிட்டுவுக்கும் அப்படி ஒன்று வைத்திருந்தான், கைக்குழந்தையாக இருக்கும்போது அவனே நேரில் போய் எடுத்த படத்தின் நிறம். அதற்குப் பிறகு வந்த எல்லாப் படமும் அந்த நிறத்துக்குத்தான் போயின.

நடுவில் ஒருமுறை படங்கள் மஞ்சளடித்து வர ஆரம்பித்தன. "அக்கா, உன் சமையல்கட்டுல மஞ்சள் திரை தொங்குதுல்ல, அதைக் கழட்டு. வெளிச்சம் அதுல பட்டு வருது" என்றான். கழற்றினாள். அப்படியும் மஞ்சள். "டியூப்லைட்டை அணைச்சுட்டு ஜன்னல்கிட்ட எடு." எடுத்தாள். மஞ்சள் கொஞ்சம் வெளுப்பாக மாறியது, அவ்வளவுதான். "போனோட கண்ணாடியைத் துடை, எண்ணெய்க் கையோட புடிச்சிருப்பே." எண்ணெய்க்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம், அந்த வீட்டில் எண்ணெயே கிடையாது. கடைசியில், மட்டமான போன், வேறென்ன என்று அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டு, கொஞ்சம் சிவப்பைக் கூட்டினான். கன்னம் ஒட்டித் தெரிந்தால் நிழலை நீக்கினான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால் துடைத்துவிட்டான். திரை, விளக்கு, போன் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டவன் ஒன்றின் மேல் மட்டும் சந்தேகப்படவில்லை.

வீடியோவில் கூப்பிட்டால் சிட்டு தூங்கிக்கொண்டிருப்பாள். எப்போது கூப்பிட்டாலும் தூக்கம்தான்.

"என்ன சமத்து தெரியுமாடா. அழுறதே இல்லை" என்பாள் அக்கா.

முதல் பிறந்தநாள் வந்தது. அக்கா தன் பக்கத்தில் எழுதியதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் முன்வந்திருந்தது. அட்டையில் சிட்டுவின் படம். போனில் எடுத்தது போதாது, நல்ல கேமராவில் வேண்டும் என்றார்கள். மெருகு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கேமரா, லேப்டாப், சாம்பல் அட்டை, அழுத்தினால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்து. அந்த வாத்துக்குச் சிரிக்காத குழந்தை இதுவரை பிறக்கவில்லை என்பது அவன் எண்ணம். சிட்டுவே கைக்குழந்தையாக இருந்தபோது அதைப் பறித்து வாயில் வைத்துக் கடித்து ஒரு வழி பண்ணியிருக்கிறாள்.

அக்கா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. "வாடா மாப்பிள்ளை" என்று கிண்டலாகக் கூப்பிட்டு, தண்ணீருக்குப் பதில் வெள்ளரிச் சாறு கொடுத்தாள். "டீ கிடைக்குமான்னு கேட்டுடாதே, வாசலோட அனுப்பிடுவேன்."

"கேட்கலை தாயே. என் மருமக எங்கே?"

கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே விரிப்பில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. மெருகு குனிந்து காதுக்குப் பக்கத்தில் வாத்தை அழுத்தினான். கீச். கண் அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக. சிட்டு வாத்தையும் பார்க்கவில்லை, மாமனையும் பார்க்கவில்லை. பார்வை சுவரில் எங்கோ நின்றது.

"ஆளை மறந்துட்டா போல" என்று சிரித்துக்கொண்டே தூக்கினான். ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியுமே, அந்தப் பலத்தைப் போட்டுத்தான் தூக்கினான். கை எகிறிப் போய்விட்டது. பிள்ளையில் கனமே இல்லை. தலை பொத்தென்று பின்னால் சாய்ந்தது. சட்டென்று உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினான். கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையைத் தாங்குகிற மாதிரி.

"தூக்கக் கலக்கம்டா" என்றாள் அக்கா, வெள்ளரியை நறுக்கியபடியே.

தலைக்குக் கொடுத்த கையை அவன் எடுக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், பழகின புத்தி எங்கே போகும். நிறம் சரியில்லையே, இந்தக் கூடத்துச் சுவரும் மஞ்சளோ என்றுதான் அந்த நேரத்திலும் யோசித்தான். சரி, சந்தேகம் எதற்கு என்று சாம்பல் அட்டையை எடுத்தான். அது ஒரு சாதாரண அட்டை, சுத்தமான சாம்பல் நிறம். கண் ஏமாறும், விளக்கு ஏமாற்றும், அட்டை ஏமாற்றாது. முகத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து ஒரு படம் எடுத்து, அட்டை சாம்பலாகத் தெரியும்படி கேமராவைத் திருத்திவிட்டால் போதும், மற்ற நிறமெல்லாம் தன்னால் நேராகிவிடும்.

ஜன்னலை முழுதாகத் திறந்தான். வெயில் படாத நல்ல பகல் வெளிச்சம். மடியில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தருகே அட்டையைப் பிடித்து, எடுத்தான். திருத்தினான். கேமராத் திரையைப் பார்த்தான்.

அட்டை சாம்பலாக இருந்தது, அணுவளவு பிசகில்லாமல். பக்கத்தில் இருந்த முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. உதடும் கன்னமும் ஒரே நிறம். எங்கே உதடு முடிகிறது என்றே தெரியவில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுத்துக் குழந்தையைப் பார்த்தான். திரையில் இருப்பதுதான் மடியிலும் இருந்தது. சமையல்கட்டுத் திரை மேல் தப்பில்லை, விளக்கு மேல் தப்பில்லை, போன் மேல் ஒரு நாளும் தப்பிருந்ததில்லை. எத்தனை மாதமாக இந்த நிறம் அவனுக்கு வந்துகொண்டிருந்தது, எத்தனை மாதமாக அவன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிட்டுவின் சின்ன விரல்கள் தாமாக நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

"அக்கா, கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு?"

"பிள்ளைக்கு உடம்புல ரத்தமே இல்லைக்கா. கழுத்து நிக்கலை. கூப்பிட்டாத் திரும்பலை."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் என்று சொல்ல முடியாது, அலுப்பு. "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா. ஒவ்வொரு பிள்ளை ஒவ்வொரு மாதிரிடா. சிலது மெதுவாத்தான் நிமிரும். மருந்து மருந்துன்னு என் வயித்தைப் புண்ணாக்கினவங்ககிட்டயே என் பிள்ளையையும் கொண்டுபோய்ப் போடச் சொல்றே. நான் உயிரோட எழுந்து உட்கார்ந்ததே இந்தச் சாப்பாட்டாலதான், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இவ நீ இல்லையே."

"இங்கே பாரு." போனை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் இணையப் பக்கத்தில் வரிசையாகச் சிட்டுவின் படங்கள். ரோஜா நிறக் கன்னம், சிவந்த உதடு, பளிச்சென்ற கண். "போன வாரம் எடுத்தது. இதுவா சீக்குப் பிள்ளை? எனக்கே ரெண்டு மூணு தடவை, என்னடா சோர்வா இருக்காளேன்னு பயம் வந்துச்சு. அப்பல்லாம் இதைத்தான் எடுத்துப் பார்ப்பேன். பார்த்ததும் மனசு சமாதானம் ஆயிடும்."

இதைக் கேட்டு மெருகுக்கு வந்தது அழுகையா வேறெதுவா என்று அவனுக்கே தெரியாது. குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

"அக்கா, அது சிட்டு இல்லை. அது என் வேலை."

போன வாரத்துப் படத்தை எடுத்தான். சேமித்து வைத்த நிறத்தை நீக்கினான். ரோஜா போனது. நிழலைத் திருப்பிப் போட்டான். கன்னம் உள்ளே போனது. கண்ணுக்குக் கீழே கறுப்பு வந்து உட்கார்ந்தது. அதற்கு முந்தின வாரம். அதற்கும் முந்தினது. ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போக, படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பி வந்தது. மஞ்சள் திரை தொங்கிய நாள் வந்தபோது லேசான மஞ்சள் வெளிறல்தான் இருந்தது. கைக்குழந்தைப் படத்தில் நிறத்தை நீக்கப் போனான், நீக்குவதற்கு எதுவுமே இல்லை. அந்தச் சிட்டு வாத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அக்கா அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. மடியில் இருந்த பிள்ளையை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வெளிச்சத்தில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பெற்றவள் தன் பிள்ளையைப் பார்க்கிற பார்வை இல்லை அது, யாரோ கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டுப் போன பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"இவ எப்ப இருந்துடா சிரிக்கலை?" என்றாள்.

அவனைக் கேட்டால் அவனுக்கு எப்படித் தெரியும். அக்கா செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் வயதான அம்மாள். சிட்டுவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. முழங்காலில் தட்டினார், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நர்சைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார், உடனே, இப்போதே என்று. ஊசி குத்தும்போதும் சிட்டு அழவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்த முடிவு வந்ததும் டாக்டர் அவர்களை உட்கார வைத்தார்.

"என்ன சாப்பிட்டீங்க, என்ன குடுத்தீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க. திட்டுறதுக்காகக் கேட்கலை."

அக்கா சொன்னாள். சொல்லும்போது குரல் தேய்ந்துகொண்டே போனது.

"உங்களுக்கு அது ஒத்துக்கிட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். "சத்து பலவிதம். பி பன்னிரண்டுன்னு ஒண்ணு இருக்கு, ரத்தத்துக்கும் நரம்புக்கும் அது வேணும். பால், முட்டை, இறைச்சியில இருக்கும், இல்லேன்னா மாத்திரையா எடுத்துக்கணும். நீங்க குடுத்த எதுலயும் அது இல்லை. நீங்க பெரியவங்க, வருஷக்கணக்குல சாப்பிட்டது உடம்புல இருப்பு இருந்தது, அதை வச்சு ஓட்டிட்டீங்க. இவ இருப்பே இல்லாம வந்தவ. உங்க பால்லயும் அது வத்திப்போச்சு. இரும்புச் சத்தும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. "இன்னைக்கே ரத்தம் ஏத்தணும். ஊசி போடுவோம், நிறம் சீக்கிரம் வந்துரும். கழுத்து நிக்கிறது, உட்கார்றது, பேசுறது, இதெல்லாம் எவ்வளவு திரும்பும்னு இப்ப நான் சொல்ல முடியாது. கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்."

கொஞ்சம் சீக்கிரம். மெருகுக்கு அந்த இரண்டு வார்த்தையும் மண்டைக்குள் இறங்கின. சீக்கிரம் தெரியாமல் போனதற்குக் காரணம் யார் என்று இந்த அறையில் டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது.

வார்டில் சிட்டுவின் காலில் குழாய் ஓடியது. யாரோ முகம் தெரியாத மனுஷர் கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு என்னடா சொல்வேன்?" என்றாள் ஒருதரம். "கப்பல்ல அவர் அறையில அந்தப் படத்தைத்தான் ஒட்டி வச்சிருக்கார்."

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தன் குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் அழுதது. நல்ல பலமாக அழுதது. அழுகை கொஞ்சம் அடங்கியதும் பேச்சுக்கு ஆள் தேடுகிறவள் மாதிரி இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் ரத்தம் குறைவுதானாக்கா? எங்களுக்கும் அதான். டாக்டரம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. பச்சையாவே குடுத்தா நல்லதுன்னு நானும் குடுத்தேன். நான்தான் ஏதோ தப்பாச் செஞ்சிருக்கேன். இல்லேன்னா எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்கிறது என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒத்துக்கலை சொல்லுங்க."

"எல்லாப் பிள்ளைக்கும்னு யார் சொன்னா?" என்று கேட்டாள் அக்கா. அவள் குரல் அவளுடையதாகவே இல்லை.

"இதோ பாருங்க." அந்தப் பெண் போனை எடுத்தாள். என்ன வரப்போகிறது என்று படம் திறக்கும் முன்பே மெருகுக்குத் தெரிந்துவிட்டது. "இந்த அம்மா சொன்னபடிதான் ஒண்ணு விடாம செஞ்சேன். இவங்க பிள்ளையைப் பாருங்க, என்ன நிறம். என் பிள்ளை வெளுக்க வெளுக்க, இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மனசைத் தேத்திப்பேன். நமக்கும் இப்படி வரும்னு."

அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தப் பிள்ளை இதுதான்மா" என்றாள், கட்டிலைக் காட்டி.

அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி கட்டிலைப் பார்த்தாள். பாவம், பிள்ளைக் கவலையில் இந்த அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆறுதலாகச் சிரித்தாள். "இல்லைக்கா. இது வேற பிள்ளை."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"அட்டையைக் கொண்டாந்திருக்கியா?"

பெட்டிக்குள்தான் இருந்தது. கேமராவும் இருந்தது. வீட்டிலிருந்து ஓடி வந்த அவசரத்தில் எல்லாவற்றையும் அதற்குள் அள்ளிப் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

"எடு."

"அக்கா, வேண்டாம். இப்பப் போய்..."

"எடுடா. குழாயும் தெரியணும். ஒண்ணையும் தொடாதே. நம்ம பக்கத்துல போடு. நான் என்ன குடுத்தேன், நீ என்ன பண்ணினே, ரெண்டையும் கீழே எழுது. பேர் போகட்டும், புத்தகம் போகட்டும். இன்னும் எத்தனை வீட்டுல இதைப் பார்த்து மனசைத் தேத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களோ."

சிட்டுவின் கன்னத்தருகே அக்காவே அட்டையைப் பிடித்தாள். மெருகு எடுத்தான். ஆயிரம் முகம் எடுத்தவன்தான், ஆனால் முதல் இரண்டு படமும் கலங்கிப் போயின. மூன்றாவது சரியாக வந்தது. பரு துடைத்த விரல், கருவளையம் துடைத்த விரல், பழக்கதோஷத்தில் அந்தச் சேமித்த நிறத்தின் மேல் போய் நின்றது. அதை அழித்தான். மறுபடி கொண்டுவர முடியாதபடி அழித்தான். எழுத வேண்டியதை எழுதினான், தன் பங்கை முதலில் எழுதினான். படத்தை அப்படியே ஏற்றினான்.

பக்கத்துக் கட்டிலில் போன் சின்னதாக ஒலித்தது. அந்தப் பெண் எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. படத்தில் இருந்த குழாயைப் பார்த்தாள், எதிரே தொங்கிய குழாயைப் பார்த்தாள். பிறகு போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பி அதன் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.